பெல்ட் ஒட்டத் தெரிந்தவர் வகுப்புக்குள் வரட்டும்

திருமங்கலம் போன்ற ஊர்களின் கடைவீதிகளில் கால்மிதி தையல் மிஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மிதியை அழுத்த அழுத்தக் கீழே பெரிய சக்கரம் சுற்றும். அதன் பள்ளத்தில் படிந்த உருண்டைத் தோல் பெல்ட், மேசைப் பலகையின் இரண்டு துளைகள் வழியாக மேலேறி, மிஷின் தலையில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும். நாளடைவில் தோல் நீண்டு பெல்ட் தொளதொளத்துப் போகும். மிதித்தால் கீழ்ச்சக்கரம் சுற்றும், ஊசி இறங்காது. தையல்காரர் யாரையும் கூப்பிடுவதில்லை. பெல்ட்டின் இரு நுனிகளையும் சேர்த்திருக்கும் கம்பிக் கொக்கியைக் குறட்டால் விரித்துக் கழற்றுகிறார். ஒரு நுனியில் அரை விரற்கடை நறுக்குகிறார். குத்தூசியால் புதுத் துளை போட்டு, கொக்கியை மாட்டி, மறுபடி குறட்டால் அழுத்துகிறார். கொக்கி மேடு தட்டாமல் படிந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். முடிந்தது.

அந்த ஐந்து நிமிட வேலைக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எவ்வளவு நீளம் வேண்டும், எவ்வளவு இறுக்கம் வேண்டும், நுனிகளை எப்படிச் சேர்ப்பது, சேர்த்த இடம் சக்கரத்தில் ஏறும்போது இடறாமல் இருக்க என்ன செய்வது, பெல்ட் பள்ளத்தை விட்டு நழுவாமல் எப்படிக் காப்பது. ரோபோ கட்டும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவது இந்த ஐந்து கேள்விகளில்தான். பதில் தெரிந்தவர்கள் அவர்களுடைய ஊரிலேயே, பள்ளிக்கு நாலு தெரு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரையும் யாரும் சந்திக்க வைக்கவில்லை. இந்தக் கட்டுரையின் ஆதங்கம் அதுதான்.

ரோபோ போட்டிகள் எப்படிப்பட்டவை என்று தெரியாத வாசகர்களுக்கு ஓர் உதாரணம். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களுக்காக ரோபோகான் போட்டியை நடத்திவருகிறது. 2022இல் அது புது தில்லியில் நடந்தபோது, கல்லை அடுக்கிப் பந்தால் கலைக்கும் நம் தெருவிளையாட்டை ரோபோக்கள் ஆடின. 2024இல் வியட்நாமில் நடந்த போட்டியின் கரு அறுவடை நாள். ரோபோக்கள் நாற்று நட வேண்டும். பிறகு நெல்லைக் குறிக்கும் பந்துகளைப் பொறுக்கிக் குதிரில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, பள்ளி மாணவர்களுக்கு 1992 முதல் இதேபோன்ற போட்டிகளை நடத்துகிறது. அதில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்.

பந்தைத் தரையிலிருந்து உள்ளிழுத்து மேலே ஏற்ற வேண்டும் என்றால் மாணவர்கள் முதலில் நினைப்பது ரோலர்களையும் உருண்டைப் பெல்ட்டையும்தான். இரண்டு ரோலர்கள், அவற்றைச் சுற்றி இணையாக நாலைந்து பெல்ட்டுகள், ஒரு மோட்டார். செலவு குறைவு, எடை குறைவு. பந்து எங்கேயாவது சிக்கினால் பெல்ட் வழுக்கிக்கொள்ளும், மோட்டார் கருகாது. உருண்டையாக இருப்பதால் முறுக்கி வேறு திசைக்கும் திருப்பலாம். சரக்குக் கிடங்குகளில் அட்டைப்பெட்டிகள் நகர்ந்து வரும் கன்வேயரின் அடியில் எட்டிப்பார்த்தாலும் இதே சங்கதிதான். ஐம்பது மில்லிமீட்டர் ரோலர்களின் ஓரத்தில் இரண்டிரண்டு பள்ளங்கள். முதல் ரோலரிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு பெல்ட், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இன்னொன்று என்று கைமாறிக் கைமாறிச் சுழற்சி போய்ச் சேர்கிறது.

இவ்வளவு எளிய அமைப்பு ஏன் போட்டி நாளன்று காலை வாருகிறது?

கேசட் காலத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். டேப்ரிக்கார்டருக்குள் ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட் இருக்கும். அது தளர்ந்தால் பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கும். மோட்டார் நன்றாக இருக்கும், கேசட் நன்றாக இருக்கும், கோளாறு நடுவில் இருக்கும் பெல்ட்டில். ரோபோவிலும் அப்படித்தான். புரோகிராம் சரி, மோட்டார் சரி, பேட்டரி சரி. ஒட்டிய பெல்ட் விட்டுப்போயிருக்கும். அல்லது ரோலரின் ஓரத்துக்கு நகர்ந்து அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் நகர்வதைப் பார்ப்போம். பழைய அரிசி ஆலைகளில் மேலே ஓடும் நீள அச்சிலிருந்து இறங்கும் தட்டைப் பெல்ட்டுகளைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் புல்லிகளுக்குக் காடி என்னும் பள்ளம் கிடையாது. ஆனாலும் பெல்ட் நடுவிலேயே ஓடும். காரணம், புல்லியின் நடுப்பகுதி சற்றே உப்பியும் ஓரங்கள் சரிந்தும் கடையப்பட்டிருக்கும். தட்டைப் பெல்ட் எப்போதும் உயரமான இடத்தை நோக்கி ஏறும் குணமுள்ளது. ஒரு பக்கம் விலகினால் தானாகவே நடுவுக்குத் திரும்பிவிடும். இதைப் புத்தகத்தில் படித்த மாணவர்கள் உருண்டைப் பெல்ட்டுக்கும் அதே உப்பலைச் செய்துபார்க்கிறார்கள். பலிக்காது. தட்டைப் பெல்ட்டுக்கு அகலம் உண்டு. அதன் இரண்டு ஓரங்களும் சரிவை உணர்கின்றன. உருண்டைப் பெல்ட் ரோலரைத் தொடுவதே ஒரு கோடளவுதான். உப்பலில் அது ஏறாது, உருண்டு இறங்கிவிடும்.

உருண்டைப் பெல்ட்டுக்கு வேண்டியது காடி. இந்த உண்மை திருமங்கலம் கரிசல் காட்டுக்குப் புதிதில்லை. பம்புசெட் வருவதற்கு முன் கமலை இறைத்த கிணறுகளில், பாரம் சுமக்கும் வடம் மேலே சகடையின் பள்ளத்தில் ஓடியது. பாரம் அதிகம் இல்லாத வால்கயிறு, கிணற்று விளிம்பில் கிடத்திய நீள உருளையின் மேல் ஓடியது. வடம் விலகினால் ஆபத்து, அதனால் அதற்குப் பள்ளம். வால்கயிறு கொஞ்சம் அங்குமிங்கும் போனால் பாதகமில்லை, அதனால் அதற்கு வெறும் உருளை. எந்தக் கயிற்றுக்கு எது வேண்டும் என்பதை வேலையே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ரோபோ செய்கிறவர்கள் பெரும்பாலும் பிவிசி குழாயை ரோலராக வைத்துவிடுகிறார்கள். வழவழப்பான குழாயில் உருண்டைப் பெல்ட் நிற்காது. இரண்டு ரோலர்களும் இம்மியளவு இணை தவறினாலும், பம்பரத்தில் சாட்டை சுற்றுவதுபோலப் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டே போகும். லேத்தில் கொடுத்தால் காடி எடுப்பது சில நிமிட வேலை. பெல்ட்டின் உருவத்தைவிடக் கொஞ்சம் அகலமான அரைவட்டக் காடி போதும். இழுவை அதிகம் வேண்டிய இடத்தில், பெல்ட் ஆப்புபோல இறங்கிப் பிடிக்கும் ‘வி’ வடிவக் காடி நல்லது. லேத் இல்லாத இடத்தில் முப்பரிமாண அச்சு எந்திரத்தில் வளையங்களை அச்சிட்டுக் குழாயில் செருகலாம்.

காடி மட்டும் போதாது. ரோலர்கள் இணையாக இருக்க வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது என்ன செய்கிறாரோ அதையே இங்கும் செய்ய வேண்டும். நூல் பிடித்து, ஒரு ரோலரின் காடிக்கு நேராக மற்றதன் காடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து மூலைமட்டம் சரிபார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. இதற்கு லேசர் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு முழம் நூல், ஒரு டேப், கொஞ்சம் பொறுமை.

அடுத்தது ஒட்டு. பாதிப் பிரச்சினை இங்கேதான்.

இன்று ரோபோக்களிலும் கிடங்குகளிலும் ஓடும் உருண்டைப் பெல்ட் பெரும்பாலும் பாலியூரித்தேன். கடைகளில் பச்சை நிறத்தில் சுருள் சுருளாகக் கிடப்பது அதுதான். சூடு பட்டால் இளகும், ஆறினால் பழையபடி இறுகும். அதனால் வேண்டிய நீளத்துக்கு நறுக்கி நுனிகளை உருக்கிச் சேர்க்கலாம். நறுக்குவதற்கு முன் ஒரு கணக்கு. ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு ரோலர்கள், மையத்திலிருந்து மையம் நானூறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும் பாதை நானூறு, வரும் பாதை நானூறு, இரண்டு பக்கமும் அரைவட்டம் சேர்த்து ஒரு முழு வட்டம் நூற்று ஐம்பத்தேழு. மொத்தம் 957. அதே நீளத்துக்கு நறுக்கினால் பெல்ட் சும்மா தொங்கும். நூற்றுக்கு ஆறு பங்கு குறைத்து 900 மில்லிமீட்டரில் நறுக்கி ஒட்டி, இழுத்து மாட்டினால்தான் பிடிப்பு வரும். நல்ல இறுக்கம் வேண்டும் என்று நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைத்துவிட்டால், நாலைந்து பெல்ட்டுகளும் சேர்ந்து ரோலர் அச்சை வில்போல வளைத்துவிடும். அச்சு வளைந்தால் இணை போகும், இணை போனால் பெல்ட் நகரும். ஒரு தப்பு அடுத்த தப்பைக் கையைப் பிடித்து அழைத்துவருகிறது. ரோலர் மிகச் சிறியதாக இருந்தாலும் கேடு. பெல்ட்டின் பருமனைப்போல ஏறத்தாழப் பத்து மடங்காவது ரோலரின் விட்டம் இருந்தால்தான், வளைந்து வளைந்து ஒட்டு விடாமல் நீடிக்கும்.

இனி ஒட்டும் முறை. நுனி இரண்டும் செங்குத்தாக நறுக்கப்பட்டிருக்க வேண்டும். மழுங்கிய கத்தரியில் நசுக்கி வெட்டினால் முகம் சாய்ந்துவிடும். பெல்ட்டின் இரண்டு நுனிகளையும் இடுக்கியில் எதிரெதிரே பிடித்து, நடுவே சூடான தகட்டை நுழைத்து, இரண்டையும் அதன்மேல் மெல்ல அழுத்த வேண்டும். ஓரத்தில் சிறு வளையமாகப் பசை திரண்டு வரும். திரண்டதும் தகட்டைச் சட்டென்று உருவி, அதே மூச்சில் நுனிகளைச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தபின் அசைக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஒட்டிவிட்டதா என்று பார்க்க இழுக்கிற கைதான் ஒட்டைக் கெடுக்கிறது. சில நிமிடம் அப்படியே ஆறவிட்டு, பிறகு வெளியே பிதுங்கிய வளையத்தை நகவெட்டியாலோ சின்னக் கட்டராலோ சுற்றிலும் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் ஒவ்வொரு முறை காடியில் ஏறும்போதும் ‘டக்’ என்று ஓர் உதைப்பு. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான உதைப்பு வாங்கினால் எந்த ஒட்டும் தாங்காது.

தகடு கிடைக்காத மாணவர்கள் மெழுகுவர்த்தியிலும் சிகரெட் லைட்டரிலும் காட்டி ஒட்டுகிறார்கள். சுடரின் கரி ஒட்டுமுகத்தில் படிந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் சேர்ந்ததுபோல் இருக்கும். உள்ளே கரிக்கோடு ஓடும். அந்தக் கோட்டிலேயே விடும். அதோடு, அதிகம் சூடேறிப் புகைகிற பாலியூரித்தேன் மூச்சுக்கு நல்லதில்லை. சன்னலைத் திறந்துவைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை இது.

பெல்ட் சரியாக ஓடிய பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஒரு பக்கம் பெல்ட்டும் மறுபக்கம் அசையாத பலகையும் இருந்தால், பந்து நடுவே உருண்டுகொண்டே பெல்ட்டின் பாதி வேகத்தில் ஏறும். பின்னாலேயே வரும் இரண்டாவது பந்தும் அதே திசையில் உருளும். இரண்டும் தொட்டுக்கொண்டால், தொடும் இடத்தில் ஒன்றின் பரப்பு ஒரு பக்கமும் மற்றதன் பரப்பு எதிர்ப்பக்கமும் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திவிடும். இரண்டு பக்கமும் பெல்ட் கொடுத்தால் பந்து உருளாமல் நேரே ஏறும். அல்லது பந்துகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். எந்த புரோகிராமாலும் தீராத கோளாறு இது.

ஒட்டு ஒன்று சரியில்லை என்றால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு நூற்பாலைகளின் வரலாறே சாட்சி. மதுரையின் அடையாளமான ஹார்வி மில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த காலத்தில், ரிங் பிரேம் எந்திரங்களில் ஒவ்வொரு கதிரையும் தனித்தனிப் பருத்திக் கயிறுதான் சுழற்றியது. அந்தக் கயிறு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டது. முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் அந்தக் கதிர் மெதுவாகச் சுற்றும். சுற்று குறைந்தால் முறுக்கு குறையும், முறுக்கு குறைந்தால் நூல் பலமிழக்கும். ஒரே எந்திரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிர்களில் இருவேறு நூல். உலகெங்கும் ஆலைகள் பிறகு ஒரே நாடா பல கதிர்களைச் சுழற்றும் முறைக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு முடிச்சின் தரம் துணியின் தரமாக வெளியே வந்த கதை அது.

மதுரை வட்டாரம் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் பேர்போனது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கோச்சடையில் இருக்கும் ஜே.கே. ஃபென்னர் ஆலையின் வி-பெல்ட் நாடெங்கும் எந்திரங்களில் ஓடுகிறது. ஃபென்னர் என்ற பெயரின் வேர், 1861இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் தோல் பெல்ட் செய்யத் தொடங்கிய ஒரு பட்டறை. மதுரையில் பேருந்து ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குடும்ப நிறுவனங்கள் ரப்பர் தொழிலையும் இங்கே வளர்த்தன. மதுரையிலிருந்து திருமங்கலம் வரும் வழியில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை. இங்கெல்லாம் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், லேத் ஓட்டியவர்கள், ஆலைகளில் பெல்ட் மாற்றியவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். ஒரு பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தே இறுக்கம் போதுமா என்று சொல்லிவிடக்கூடிய கைகள்.

மறுபக்கம், பள்ளிகளில் என்ன நடக்கிறது? நிதி ஆயோக் 2016இல் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பள்ளிக்கு இருபது லட்சம் ரூபாய் மானியம். நாடு முழுவதும் பத்தாயிரம் பள்ளிகளில் இந்த ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. 2025 மத்திய பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் ஐம்பதாயிரம் ஆய்வகங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் மாணவர்களைத் தொழில்திறனுக்குத் தயார்செய்கிறது. இவை வரவேற்க வேண்டிய முயற்சிகள். சென்சார், மின்சுற்று அட்டை, முப்பரிமாண அச்சு எந்திரம் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. பெட்டியில் வராத ஒன்று, கை சொல்லும் பாடம். எல்லாப் பாகமும் அளவெடுத்து வரும் கிட்டைப் பூட்டினால் ரோபோ ஓடும். அந்த மாணவருக்குத் தன் சொந்த அளவில் ஒரு கன்வேயர் கட்டத் தெரியாது.

இதற்கு ஒரு மறுப்பு வழக்கமாக வருகிறது. செயற்கை நுண்ணறிவு காலத்தில் பெல்ட் ஒட்டுவதையா சொல்லிக்கொடுப்பது, அது ஐடிஐ வேலையல்லவா என்பார்கள். ஐடிஐ வேலை என்று தள்ளிவைக்கும் அந்தச் சொல்லில்தான் நம் கல்வியின் பழைய நோய் இருக்கிறது. கேமரா பந்தை அடையாளம் கண்டுவிடும். கண்ட பந்தை மேலே ஏற்றுவது 900 மில்லிமீட்டர் பெல்ட்டும் அதிலுள்ள ஓர் ஒட்டும்தான். ஒட்டு விட்டால் கேமராவின் அறிவு முழுவதும் வீண். இன்னொரு மறுப்பு, முடிவில்லா வளையமாக ஆயத்தப் பெல்ட் விற்கிறதே, அதை வாங்கிக்கொள்ளலாமே என்பது. வாங்கலாம். அப்போது பெல்ட்டின் நீளத்துக்கு ஏற்ப ரோபோவைக் கட்ட வேண்டியிருக்கும். போட்டிக் களத்தில் அறுந்தால் அதே அளவு இன்னொன்று பையில் இருக்க வேண்டும். ரோலரைக் கழற்றாமல் மாட்டவும் முடியாது. ஒட்டத் தெரிந்தவருக்கு இந்த மூன்று கவலையும் இல்லை.

அடல் ஆய்வகங்களுக்கு வழிகாட்டிகளைச் சேர்க்கும் ஏற்பாடு 2017 முதலே இருக்கிறது. அந்த வழிகாட்டிப் பட்டியலில் பொறியாளருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஃபிட்டரின் பெயரும் இருக்க வேண்டும். பட்டம் கேட்கக் கூடாது. அனுபவம் கேட்க வேண்டும். இருபது லட்சத்தில் பாதி, ஐந்து ஆண்டுகளுக்கான நடைமுறைச் செலவுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. அதிலிருந்து அவர்களுக்கு மதிப்பூதியம் தர வேண்டும். இலவச சேவை என்று சொல்லி உழைப்பை வாங்கக் கூடாது. மதுரை கே.புதூர் அரசு ஐடிஐ போன்ற நிலையங்களின் பயிற்சியாளர்களையும், மாதம் ஒருநாள் பக்கத்துப் பள்ளி ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் இயங்கிவரும் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் மாணவர்களும் ஐடிஐ மாணவர்களும் ஒரே அணியில் ஒரு ரோபோ கட்டட்டும். கணக்குப் போடத் தெரிந்தவரும் கடைசல் பிடிக்கத் தெரிந்தவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இருவருமே கற்றுக்கொள்வார்கள்.

திருமங்கலம் வட்டாரத்துத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். ஆறு மில்லிமீட்டர் பச்சைப் பெல்ட் இரண்டு மீட்டர், ஒரு சூட்டுத் தகடு, காடி எடுத்த இரண்டு ரோலர்கள் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை உட்காரவையுங்கள். தெருவில் இருக்கும் தையல்காரரையும், கப்பலூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரையும் அழைத்து, பிள்ளைகள் முன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ‘ஐயா, இதை எப்படி ஒட்டணும், சொல்லிக்கொடுங்க’ என்று கேளுங்கள்.